ஏடும் உயிரும்: கூர்ப்புக் கொள்கையும் மருத்துவமும்

மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்துள்ள அலுவிகாரை, வாய்மொழியாகக் காக்கப்பட்டுவந்த பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்ற இடமாக மரபுவழிக் கொள்ளப்படுகின்றது. ஓலை நெடுங்காலம் நிலைப்பதன்று. எனவே ஏடுகள் மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதப்படல் வேண்டும். ஒரு படியிற் புகுந்த பிழை அதன் வழிவந்த படிகளிலும் தொடரும். பதிப்பாசிரியர் இத்தகைய பொதுப் பாடபேதங்களைக் கொண்டே ஏடுகளின் வழிமுறையைத் துணிகின்றனர். உயிரினங்களின் உறவுமுறையை ஆய்வோர் கையாளும் முறையும் இதுவே.

பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. மூலக்கூறில் எழுதப்பட்டுத் தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகின்றது. அதில் நேரும் மாற்றமே விகாரம். ஏட்டுப் பிழையைப் புலவர் ஆராய்ந்து களைவர். உயிர்களிடத்தோ, எம்மாற்றம் பெருகும், எது அருகும் என்பதைப் பெரிதும் சூழலே தீர்மானிக்கின்றது. 1859இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுவாகும்.

இது பண்டைக்காலச் செய்தி மட்டுமன்று. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியை உள்ளடக்கிய உலர்வலயம் மலேரியாவால் நெடுங்காலம் அல்லற்பட்டது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் நோய் வேகமாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். பின்னர் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டி.டி.ரி.யை நாடியபோது நுளம்புகளிடையே எதிர்ப்பாற்றல் பரவியிருந்தமை தெரியவந்தது. ஆகவே 1970களில் மலத்தியனை நாட நேர்ந்தது. 1984இல் குளோரோகுயினுக்குப் பணியாத மலேரியா ஒட்டுண்ணியும் இலங்கையில் அறியப்பட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தனியொரு நுளம்பு நஞ்சுக்குப் பழகிக்கொள்வதில்லை. நஞ்சு அத்தகைய விகாரத்தை வேண்டிப் படைப்பதுமில்லை. கூட்டத்தில் அருகியிருந்த எதிர்ப்பாற்றலுடைய சில, ஏனையவை மடியத் தாம் எஞ்சிப் பெருகுகின்றன. பற்றீரியாக்களுக்கும் இது பொருந்தும். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945இல் தமது நோபல் உரையிலேயே, போதாத அளவு மருந்து எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என எச்சரித்தார்.

இவ்வறிவிலிருந்தே கூட்டுமருந்து முறை வலுப்பெறுகின்றது. வெவ்வேறு வகையில் தாக்கும் இரு மருந்துகளையும் ஒருங்கே வெல்லும் விகாரங்கள் ஒரே உயிரில் அமைதல் மிக அரிது. காசநோய்க்கும் மலேரியாவுக்கும் இன்று இம்முறையே கைக்கொள்ளப்படுகின்றது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. ஆயினும் அதே ஆண்டின் இறுதியில், நகர்ப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. 1963இன் வெற்றி கைநழுவியமைக்குக் கண்காணிப்பின் தளர்ச்சியும் காரணமாயிருந்ததை நாம் மறத்தலாகாது. கூர்ப்பு ஓய்வதில்லை, எனவே பொதுச் சுகாதாரப் பணியும் ஓய்தல் இயலாது. மருந்தை அளவறிந்து பயன்படுத்துதல் தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று, சமுதாயக் கடமையுமாகும்.