ஓடாத சக்கரம்!

மாட்டு வண்டியில் முன்பாரம் அதிகமானால் என்ன ஆகும்?

நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்.

பின்பாரம் அதிகமானால்?

ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு திணறும்.

எம்.ரெட்டியபட்டி சம்சாரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. எரு காட்டுக்குப் போனதும், விளைந்தது வீட்டுக்கு வந்ததும் ஒரு காலத்தில் மாட்டு வண்டியில்தான். இன்று அந்த வேலையை டிராக்டரும் டிரெய்லரும் செய்கின்றன.

வண்டி மாறிவிட்டது. பாடம் மாறவில்லை!

சக்கரமா? தட்டா?

அருப்புக்கோட்டைப் பக்கம் செல்லும் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தூத்துக்குடி துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் போகும். சில பெட்டிகள் 40 அடி நீளம்!

அந்த டிரெய்லருக்கு முன்சக்கரமே கிடையாது. அதன் முன்பகுதி, இழுக்கும் லாரியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். லாரியில் ஒரு கனத்த இரும்புத் தட்டு உண்டு. டிரெய்லரின் அடியில் உள்ள தடித்த ஆணி அதற்குள் மாட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுக்குப் பெயர் "ஐந்தாவது சக்கரம்".

ஓடாத தட்டுக்கு ஏன் இந்தப் பெயர்? நான்கு சக்கரக் குதிரை வண்டியில், முன் அச்சு திரும்புவதற்காக ஒரு வளையத்தைப் படுக்கைவாட்டில் வைத்தார்கள். அதை ஐந்தாவது சக்கரம் என்றார்கள். அந்தப் பெயர் லாரிக்கும் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் புருஹாஃப் என்ற கொல்லர் இருந்தார். 1914-ஆம் ஆண்டு மர வியாபாரி ஒருவர், தம் படகைக் கொண்டு போக ஒரு வண்டி கேட்டார். புருஹாஃப் ஒரு டிரெய்லர் செய்து ஃபோர்டு காரின் பின்னால் மாட்டிக் கொடுத்தார். பின்னர் அதே முறையில் மரம் ஏற்றும் டிரெய்லரும் செய்தார். வண்டிப் பட்டறைக்காரரின் கைவண்ணம்தான் இன்று உலகமெல்லாம் ஓடுகிறது!

ஏன் குலுங்குகிறது?

நாள் முழுவதும் குலுங்கினால் டிரைவருக்கு இடுப்பு வலி வரும். முதுகெலும்பும் கெடும். அவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆகவே இது வெறும் சொகுசு விஷயம் அல்ல.

முதல் காரணம், இணைப்பில் ஆட்டம். ஆணி தேய்ந்தால் இடைவெளி உண்டாகும். வண்டி கிளம்பும்போது ஒரு இடி. பிரேக் போட்டால் இன்னொரு இடி. தேய்ந்த ஆணியை வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. மாற்றிவிட வேண்டும். தட்டில் கிரீஸ் வற்றக் கூடாது. அச்சுக்கு வண்டி மை போட்டோமே, அதே கதைதான்.

இரண்டாவது, வில் பட்டை. கனத்த பாரத்தைத் தாங்கச் செய்த பட்டை அது. வண்டி காலியாக ஓடும்போது வளைந்து கொடுக்காது. அதனால்தான் வெற்று டிரெய்லர் அதிகம் துள்ளுகிறது. பட்டைக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டிகளும் உண்டு. பாரத்துக்குத் தக்கபடி பையில் காற்று கூடும், குறையும். துள்ளலும் குறையும்.

மூன்றாவது, டயர் காற்று. அதிகமானால் வண்டி குதிக்கும். குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கலாம். வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்ப்பதே சரி.

டிராக்டர்காரர் கவனிக்க!

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் சற்றே முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். பெரிய சக்கரங்களுக்குப் பிடிமானம் போகும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. முன்பாரம் மிஞ்சினால் மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் எழும்பும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது!

கொக்கியில் மாட்டும் பின், ஓட்டைக்குச் சரியான கனத்தில் இருக்கட்டும். அது கழன்று விழாதபடி பூட்டும் போடுங்கள். வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். அதன் மேல் ஏறிய பிறகு பிரேக் போடாதீர்கள்.

இத்தனையும் செய்தாலும் டிரெய்லர் மூட்டைகளுக்குத்தான். பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.

அந்தக் காலத்தில் பாரம் சரியில்லை என்றால் மாடு நின்று காட்டிக் கொடுத்தது. டிராக்டர் நிற்காது. ஆகவே, கிளம்புமுன் இறங்கிப் பின்னால் போய் ஒருமுறை பாருங்கள்!