கண் இமையில் ஆபரேஷனா? தையல் பிரித்த பிறகும் வெயிலிடம் உஷார்!

கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் மிஷன் மருத்துவமனை, 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது. 1920-களில் இங்கே அறுவை சிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர்! 1924 ஜூன் 4-ம் தேதி அவருடன் ஏறிய எட்வர்ட் நார்ட்டன், பாறைப் பகுதியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றிரவே அவருக்குப் பார்வை மங்கி, வலியில் துடித்தார். சில நாள்களில் சரியானது. காரணம், வெயிலின் புற ஊதாக் கதிர்கள்.

அங்கே பனி என்றால், இங்கே கடலும் மணலும். புதுப்பனி அந்தக் கதிர்களில் 80 சதவிகிதம் வரை திருப்பி அனுப்பும். கடற்கரை மணல் சுமார் 15, கடல் நுரை சுமார் 25 சதவிகிதம். குளச்சல், முட்டம் பக்கம் போகிறவர்களுக்கு வெயில் கீழிருந்தும் அடிக்கும். தொப்பி மட்டும் போதாது.

முதல் இரண்டு வாரம்

இமை தொங்குதல், முடி உள்நோக்கி வளைந்து கருவிழியை உரசுதல், கட்டி... இமை ஆபரேஷனுக்குக் காரணங்கள் பல. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் என்பதால் வீக்கமும் கன்றலும் பயமுறுத்தும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும்.

* முதல் 2 நாள், ஐஸைச் சுத்தமான துணியில் சுற்றி, அழுத்தாமல் ஒத்தடம் கொடுங்கள்.
* தலையணையை உயர்த்திப் படுங்கள். குனிந்து தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.
* டாக்டர் தந்த மருந்து மட்டும்தான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்மையும் டாக்டர் சொன்ன பிறகே.
* தையல் பொதுவாக 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள்.

கடும் வலி, பார்வை மங்குதல், கண் பிதுங்குதல், நிற்காத ரத்தம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே ரத்தம் தேங்கினால் பார்வையே போகலாம். தூங்கும்போது கண் முழுதாக மூடவில்லை என்றாலும் சொல்லுங்கள். கருவிழி காய்ந்துவிடும்.

தழும்புக்கு நிழல்

தழும்பு ஆறி முதிர 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதுவரை வெயில் பட்டால் நம் நிறத் தோலில் அது எளிதில் கறுத்துவிடும். நெய்யூரில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மேகம் இருந்தாலும் கதிர்கள் வரும்.

கண்ணாடியில் ‘யு.வி. 400’ இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டையும் மறைக்கும் அகலமான ஃப்ரேம் நல்லது. கறுப்பாக இருந்து கதிர்களைத் தடுக்காத கண்ணாடி ஆபத்து. இருட்டில் பாப்பா விரிந்து, கூடுதல் கதிர் உள்ளே போகும்.

சன்ஸ்க்ரீன், புண் முழுதாக மூடி, டாக்டர் சம்மதித்த பிறகுதான். துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்டதாக, கண்ணுக்குள் போகாமல் தடவுங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். குடையும் கூடவே இருக்கட்டும்.

மீன்பிடிக்கப் போகிறவர், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் வீட்டில் சும்மா இருக்க முடியாது. எத்தனை நாள் கூலி போகும், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தேதியை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.