சிகரெட் பெட்டிக்குள் 72 இலட்சம் டொலர்: தெரியுமா?

1910-இல் தெல்லிப்பழை அம்பனையில் பாவலர் துரையப்பாபிள்ளை ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் இன்றைய மகாஜனக் கல்லூரி. இது ஊரறிந்த செய்தி. அதே 1910-இல், உலகின் மறுகோடியில் அமெரிக்கப் பொடியன்கள் கடை வாசல்களில் நின்று, சிகரெட் வாங்கி வரும் பெரியவர்களிடம் “உள்ளே இருக்கிற படத்தைத் தாருங்கோ” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர்கள் பேஸ்போல் வீரர்கள். அந்தப் படங்களில் ஒன்று 2022-இல் என்ன விலைக்குப் போனது தெரியுமா? 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்! அன்றைய மாற்று விகிதத்தில் நம் காசுக்கு 250 கோடி ரூபாவுக்கும் மேல்! தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கடதாசி அட்டைக்கு!

பேஸ்போல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நம் பள்ளிக்கூட மைதானத்து எல்லேதான் இதற்கு நெருங்கிய சொந்தம். பந்தை ஓங்கி அடி, தரிப்பிடம் தரிப்பிடமாக ஓடு, சுற்றி வந்து சேர். இவ்வளவு போதும். இனி ஒவ்வொன்றாக வியப்போம்!

பேஸ்போல் விதிகளுக்கு முன்பே அமெரிக்கர் தெல்லிப்பழையில்! தெரியுமா?

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் தெல்லிப்பழைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியது 1816-இல். இன்றைய யூனியன் கல்லூரியின் வேர் அங்கேதான். பேஸ்போலின் தாய்விதிகள் எனப்படும் நிக்கர்பொக்கர் விதிகள் நியூயோர்க்கில் எழுதப்பட்டதோ 1845-இல். பொழிப்பு: அமெரிக்காவின் தேசிய விளையாட்டுக்கு ஒழுங்கான சட்டதிட்டம் வருவதற்கு 29 ஆண்டுகள் முன்பே தெல்லிப்பழைப் பிள்ளைகள் அமெரிக்கரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். பூவர் பிறந்த மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்ட் என்றொரு ஊர். அங்கே 1791-இல் ஊர்ச்சபை ஒரு தடைச்சட்டம் போட்டது: புதிய சபை மண்டபத்துக்கு 80 யார் தூரத்துக்குள் பேஸ்போல் ஆடக்கூடாது! ஏன்? கண்ணாடி யன்னல்கள் உடைந்துவிடுமாம். பந்துக்கும் யன்னலுக்கும் உள்ள பகை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

படத்தை ஏன் சிகரெட்டுக்குள் வைத்தார்கள், தெரியுமா?

அழகுக்காக இல்லை! பெட்டி நசுங்காமல் இருப்பதற்காக. 1881-இல் ஜேம்ஸ் பொன்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பத்து மணி நேரத்தில் 120,000 சிகரெட் சுற்றித் தள்ளியது அது. மெல்லிய கடதாசிப் பெட்டியில் அடைத்தால் வழியிலேயே நசுங்கின. ஆகவே உள்ளே ஒரு கெட்டி அட்டை. வெறும் அட்டை எதற்கு, அதில் ஒரு படம் போடுவோமே என்று கம்பனிக்காரர் நினைத்தார்கள். நடிகைகள், தளபதிகள், குத்துச்சண்டைக்காரர், பேஸ்போல் வீரர் எல்லோரும் உள்ளே புகுந்தார்கள். ஒரு படம் கிடைத்தவன் அடுத்த படத்துக்காக அடுத்த பெட்டியை வாங்கினான். முட்டுக் கொடுக்க வந்த அட்டை வியாபாரத்தையே தூக்கி நிறுத்திவிட்டது!

அப்படியானால் புகையிலைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்துச் சுருட்டில் ஏன் படம் வரவில்லை? நம் செம்மண்ணில், துலா மிதித்து இறைத்த கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த புகையிலை திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. சுருட்டோ கையால் சுற்றி, கட்டாகக் கட்டி விற்ற சரக்கு. முட்டுக் கொடுக்க அங்கே மெல்லிய பெட்டியே இல்லை! ஆனால் வேறொரு அதிசயம் இருந்தது. சுருட்டுக் கொட்டிலில் பலர் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். அங்கே புகையிலை வாங்கியவனுக்குப் படம் கிடைத்தது. இங்கே புகையிலை சுற்றியவனுக்கு உலகச் செய்தியே கிடைத்தது!

‘ஹிந்து’ சிகரெட்டும் ‘டோல்ஸ்டோய்’ சிகரெட்டும்! தெரியுமா?

அட்டை சேர்ப்போரின் மகுடம் ‘ரி-206’ என்ற தொகுதி. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி வெளியிட்டது. மொத்தம் 520-க்கும் மேற்பட்ட அட்டைகள். முன்பக்கம் வீரர், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். 16 வகைப் பெயர்களில் அந்த விளம்பரங்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஹிந்து’! துர்க்கை அம்மன் ஊரான தெல்லிப்பழைக்காரர் தலையில் கைவைக்க வேண்டிய செய்தி இது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஒரு சிகரெட்டின் பெயர் ‘டோல்ஸ்டோய்’! ரஷ்யப் பேரெழுத்தாளர் டோல்ஸ்டோய் புகைப்பதை விட்டுவிட்டு, புகைக்கும் குடிக்கும் எதிராக 1890-இலேயே கட்டுரை எழுதியவர். 1910 நவம்பரில் அவர் கண்மூடியபோது, அந்தப் பெயர் போட்ட பெட்டிகள் அமெரிக்கக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன! ‘போலர் பெயர்’ (துருவக் கரடி) என்ற இன்னொன்று சிகரெட்டே இல்லை, பையில் அடைத்த துண்டுப் புகையிலை. அட்டை நேராகப் புகையிலைக்குள்ளேயே கிடந்ததால் கறைபடாத ‘போலர் பெயர்’ அட்டையைக் காண்பது அரிது.

‘வேண்டாம்’ என்றவரின் படத்துக்குத்தான் இவ்வளவு விலை! தெரியுமா?

250 கோடி அட்டையில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காரர். தேசிய லீக்கின் மிகச் சிறந்த அடி வீரர் பட்டத்தை எட்டுமுறை வென்றவர். பேஸ்போல் புகழ் மண்டபம் 1936-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐவரில் ஒருவர்.

இவருடைய படத்தைப் போட அனுமதி வாங்கித் தந்தால் 10 டொலர் தருவதாகக் கம்பனி ஒரு பிட்ஸ்பர்க் பத்திரிகையாளரிடம் சொன்னது. வாக்னர் மறுத்துவிட்டார். மறுத்ததோடு விட்டாரா? அந்தப் பத்திரிகையாளருக்கு நட்டம் வரக்கூடாதென்று 10 டொலருக்குத் தன் காசோலையையும் வைத்து அனுப்பினார் என்று 1912-இல் பத்திரிகையில் செய்தி வந்தது! அச்சு நின்றது. அதற்குள் வெளியே போனவை கொஞ்சமே. இன்று உலகில் அறியப்பட்டவை ஏறக்குறைய 60.

ஏன் மறுத்தார்? பிள்ளைகள் படத்துக்காகப் புகையிலை வாங்குவது பிடிக்கவில்லை என்பார் ஒரு சாரார். கம்பனி காசு தரவில்லை, அதுதான் கோபம் என்பார் மறு சாரார். இதில் சுவை என்னவென்றால், வாக்னரே புகையிலை மெல்லுகிறவர்!

ஓரம் வெட்டிய கள்ளம்! தெரியுமா?

வாக்னர் அட்டைகளில் மிகப் பிரபலமானதை 1991-இல் பனி ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 451,000 டொலருக்கு வாங்கினார்கள். 2007-இல் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. நூறு வயது அட்டைக்கு இவ்வளவு கூர்மையான ஓரமா என்று பலருக்குச் சந்தேகம். 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற பெரும் ஏலக்காரர் சிக்காகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: ஓரங்களை வெட்டி நேராக்கியது அவரேதான்! ஆள் சிறைக்குப் போனார். அட்டையின் புகழோ குறையவேயில்லை!

மூன்று விரல் வீரரும் பின்னால் ஓடிய வீரரும்! தெரியுமா?

அந்தக் காலத்து அட்டை வீரரில் ஒருவரான மோர்டெகாய் பிரவுன் சிறுவனாக இருந்தபோது பண்ணை இயந்திரத்தில் கை சிக்கி ஆள்காட்டி விரலைப் பறிகொடுத்தார். நடு விரலும் கோணியது. ‘மூன்று விரல் பிரவுன்’ என்று பட்டப்பெயர். அந்தக் கோணல் கையிலிருந்து புறப்பட்ட பந்து யாரும் எதிர்பாராத பக்கம் வளைந்தது! 239 ஆட்டங்களில் வென்றுகொடுத்தார்.

ஜேர்மனி ஷேஃபர் கதை இன்னும் கூத்து. 1911 ஓகஸ்டில் ஒரு நாள், எதிரணியைக் குழப்பி மூன்றாம் தரிப்பில் நின்ற தோழரை ‘ஹோம்’ எனும் இறுதித் தரிப்புக்கு ஓடவைக்க நினைத்து, முதல் தரிப்பிலிருந்து இரண்டாம் தரிப்புக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். எதிரணி அசையவில்லை. விடுவாரா? அடுத்த பந்துக்கு இரண்டாம் தரிப்பிலிருந்து முதலாம் தரிப்புக்குத் திரும்பி ஓடினார்! இப்படிக் கூத்தாட முடியாதபடி பிறகு விதியே வந்தது.

கிறிஸ்டி மத்தியூசன் ஞாயிற்றுக்கிழமை பந்து வீசமாட்டார்; வேதக்கார ஒழுக்கம். ஆனால் 1905 உலகத் தொடரில் ஆறு நாள்களுக்குள் மூன்று ஆட்டங்களில் வீசி, ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை! ‘ஷூலெஸ்’ ஜோ ஜக்சனுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரத்தில் சிக்கி ஆயுள்காலத் தடை பெற்றார். 1951-இல் இறந்தார். தடை நீங்கியது 2025 மே மாதம்!

அட்டையில் இல்லாதவர்கள் யார், தெரியுமா?

520 அட்டையிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை! நிறவெறி அவர்களைப் பெரிய லீக்குகளின் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. ஜக்கி ரொபின்சன் 1947-இல் வந்துதான் அந்தக் கதவு திறந்தது. அந்தக் காலத்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் பலருக்கு இப்படிப் படமே இல்லை. என்ன விலை கொடுத்தாலும் அச்சடிக்காத அட்டையை வாங்க முடியாதே!

‘ரி-206’ என்று பெயர் வைத்தவர் யார், தெரியுமா?

நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர். பெயர் ஜெஃபர்சன் பர்டிக். திருமணம் செய்யவில்லை, பெரிய சொத்து இல்லை, மூட்டுவாதம் வேறு. அவர்தான் அமெரிக்காவின் அட்டைகளை எல்லாம் வகைபிரித்து எண் கொடுத்தார். அந்த எண்களைத்தான் உலகம் இன்றும் சொல்கிறது. 300,000-க்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுத்தார். வாதம் பிடித்த விரல்களால் ஆண்டுக்கணக்காக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டை ஒட்டி முடிந்தது. மார்ச்சில் அவரும் போய்ச் சேர்ந்தார்! அந்தக் குவியலில் ஒரு வாக்னர் அட்டையும் உண்டு. அவர் தன் விலைப்பட்டியலில் அதற்குப் போட்ட விலை 50 டொலர்!

இல்லாத 106-ஆம் இலக்கம்! தெரியுமா?

1933-இல் கௌடி என்ற பபிள்கம் கம்பனி 240 அட்டைகள் வெளியிடுவதாகச் சொன்னது. பிள்ளைகள் மென்று மென்று வாய் வலித்ததுதான் மிச்சம், 106-ஆம் இலக்கம் கிடைக்கவேயில்லை. கம்பனி அதை அச்சடிக்கவே இல்லை! கடிதம் எழுதிச் சண்டை பிடித்தவர்களுக்கு மட்டும் அடுத்த ஆண்டு நாப் லாஜோயி படம் போட்ட 106-ஆம் அட்டை தபாலில் வந்தது. சண்டை பிடித்தவர்கள் வாழ்க! இன்று அது அபூர்வங்களில் ஒன்று.

பரணில் கிடைத்த பொக்கிஷம்! தெரியுமா?

2012-இல் ஒஹையோவில் ஒரு குடும்பம் பாட்டனாரின் வீட்டுப் பரணைத் துப்புரவாக்கியது. பொம்மை வீட்டுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் 1910-ஆம் ஆண்டு அட்டைகள் ஏறக்குறைய 700, நேற்று அச்சடித்தவைபோல! 2016-இல் தென்மாநிலம் ஒன்றில், குப்பைக்குப் போகவிருந்த கசங்கிய கடதாசிப் பைக்குள், பின்பக்கத்திலும் ‘டை கொப்’ பெயரே அச்சான, டை கொப் என்ற வீரரின் அட்டைகள் ஏழு!

இதைப் படிக்கும் தெல்லிப்பழைக்காரருக்கு ஒரு பெருமூச்சு வரும். பொருள் நூறு ஆண்டு தங்க வேண்டுமானால் முதலில் கூரை தங்க வேண்டும். 1990-இல் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த பலர் கண்டது சுவர்களையும் பற்றைகளையும்தான். பரண் எங்கே, பெட்டி எங்கே? அதனால்தான் ஒரு பழைய பள்ளிக்கூட மலரோ, சுருட்டுக் கட்டின் லேபிளோ, விளையாட்டு அணியின் புகைப்படமோ இன்று யார் வீட்டிலாவது இருந்தால் அது உண்மையான பொக்கிஷம். எறியாதீர்கள்!

கிரிக்கெட்டுக்கும் அட்டை உண்டு! தெரியுமா?

இங்கிலாந்தின் வில்ஸ் கம்பனி 1896-இலேயே கிரிக்கெட் வீரர் அட்டைகளை வெளியிட்டது. ரஞ்சித்சிங்ஜி பல சிகரெட் அட்டைகளில் முகம் காட்டினார். போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டால் 1940-இல் இங்கிலாந்தில் அட்டைகள் நின்றுபோயின. தமிழ் யூனியன் கழகத்தின் மகாதேவன் சதாசிவம் சென்னைச் சேப்பாக்கத்தில் இலங்கைக்காக 215 ஓட்டங்கள் குவித்தது 1947-இல். பிரட்மனின் அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியது 1948-இல். பிரட்மனுக்கு அட்டை கிடைத்த காலம் முடிந்த பிறகுதான் சதாசிவத்தின் காலமே வந்தது!

கடைசியாக ஒன்று, தெரியுமா?

2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடைக்கு கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தனவும் துணை நின்றார். சேர்ந்த பணத்தில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை! அன்று விளையாட்டு வீரரின் முகம் புகையிலையை விற்றது. நூறு ஆண்டு கழித்து விளையாட்டு வீரரின் முகம் புற்றுநோய்க்கு மருத்துவமனை கட்ட உதவியது.

சிகரெட் பெட்டியில் இன்றும் படம் உண்டு! 2015 முதல் இலங்கையில் பெட்டியின் 80 வீதப் பரப்பை நோயின் படங்கள் மூட வேண்டும் என்பது சட்டம். அன்றைய படம் அடுத்த பெட்டியை வாங்கச் சொன்னது. இன்றைய படம் கையிலிருக்கும் பெட்டியையே வைத்துவிடச் சொல்கிறது. ‘என் படம் வேண்டாம்’ என்று 10 டொலர் காசோலை எழுதிய வாக்னர், எந்தக் காரணத்துக்காக எழுதினாரோ, தன் படம் புகையிலையை விற்காதபடி ஒரு நூற்றாண்டு முன்பே செய்துவிட்டார்!