வீட்டிலிருந்து வேலை செய்யும் உம்மா

"உம்மா வீட்டில்தானே இருக்கிறார்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணினி வழியாகச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தாயையும் அப்படியே சொல்கிறோம். அது சரிதானா?

நமது ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட, வேலைநேரத்தில் இரண்டு இடைவேளைகளை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தருகிறது. அவருடைய உழைப்பு கடினம், கூலி குறைவு. ஆனாலும் தாய் வேலை செய்யும்போது பிள்ளையை வேறொருவர் பார்க்க வேண்டும் என்பதை அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டு அறையில் வேலை செய்பவருக்குப் பிள்ளை மடுவம் இல்லை. லண்டன் அலுவலகமொன்று காலை 9 மணிக்குத் திறக்கும்போது, குளிர்காலத்தில் பதுளையில் பிற்பகல் 2.30. அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 10.30. மஃரிப், இராச் சாப்பாடு, உறக்கம் எல்லாம் அந்த வேலைநேரத்துக்குள்தான் வருகின்றன.

ஆகவே வேலைநேரத்தை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது, அடுப்படி யாருடைய பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வாப்பாமாருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் அதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

மாணவியரே, இன்று வீட்டில் கதவு சாத்தியிருந்தால், தட்டுமுன் ஒரு கணம் யோசியுங்கள். நாளை அந்த அறைக்குள் இருப்பது நீங்களாகவும் இருக்கலாம்.