வாய் எனக்கு இருக்கு

என் தாயாருக்குப் பாரிசவாதம் கண்டு வலக்கையும் வலக்காலும் சோர்ந்தபோது, அவரைப் பராமரிக்கும் பொறுப்பு மூத்த மகனாகிய என்மீது விழுந்தது. முப்பது ஆண்டுகள் பாடசாலைக்கு நேரசூசி போட்டுப் பழகிய கை எனது. வீட்டுக்கும் ஒன்று போட்டேன். காலை 6 மணிக்கு முழுக்கு, 7 மணிக்குக் கஞ்சி, 9 மணிக்கு மருந்து. சேலை உடுத்துவது சிரமமென்று தளர்ந்த சட்டைகள் நான்கு தைப்பித்தேன். அடுப்படியில் அவர் ஒருமுறை தடுமாறியதும் கதவைப் பூட்டித் திறப்பை என் மடியிற் செருகிக்கொண்டேன். அயலார் என்னைப் புகழ்ந்தனர். அப்புகழ் எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

அம்மா முறையிடவில்லை. பேச்சு மாத்திரம் நாளுக்கு நாள் குறைந்தது. நோய் நாவையும் தொட்டுவிட்டது போலும் என்று எண்ணி, வைத்தியரிடம் கேட்பதாக இருந்தேன்.

ஒருநாள் மாலை அயல்வீட்டுப் பெண் கொழுக்கட்டையுடன் வந்தாள். அம்மா விறாந்தைக் கதிரையில் அமர்ந்திருந்தார். அவளோ என்னைப் பார்த்து, “ஆச்சி கொழுக்கட்டை தின்னுவாவோ, மாஸ்டர்?” என்றாள்.

“பாதி குடுங்கோ, காணும்” என்றேன் நான்.

“பிள்ளை, அதை என்னட்டைக் கேள். வாய் எனக்கு இருக்குத்தானே” என்றார் அம்மா. பல வாரங்களின் பின் அவர் பேசிய நீண்ட வாக்கியம் அதுவே.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எப்பொழுதோ வாசித்த எட் றொபேட்ஸ் என்னும் அமெரிக்கரின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1953இல், தம் 14ஆவது வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர் அவர். இரு விரல்களும் சில கால்விரல்களும் அன்றிக் கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொற்கேட்கவில்லை. இரவுகளை இரும்புச் சுவாசப் பெட்டியினுள்ளே கழித்தார். அந்நிலையிலும் 1962இல் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தமக்கு உதவுவோர் யார், என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பவற்றை அவரும் அவர்தம் தோழரும் தாமே தீர்மானித்தனர். அம்முயற்சியே வளர்ந்து 1972இல் அந்நகரில் சுதந்திர வாழ்வு நிலையமாக உருப்பெற்றது. வேலைக்குத் தகுதியற்றவரென்று ஒருகால் அவரை ஒதுக்கிய மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்துக்கு 1975இல் அவரே தலைவரானார்! தம் கையால் ஒரு கவளம் எடுத்து உண்ண மாட்டாதவர் தம்மைச் சுதந்திரர் என்றார். சுதந்திரம் என்பது எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பதன்று, தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பது என்பது அவர் கருத்து. என் அம்மா ஒரு கையால் உண்ணவும் பொல்லூன்றி நடக்கவும் வல்லவர். ஆயினும் என் வீட்டில் அவர் தீர்மானித்தது ஒன்றுமில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வதென்று தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு உண்டெனக் கூறுகிறது. இலங்கையும் 2016இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. கொழுக்கட்டை பாதியா முழுதா என்பது எந்த உறுப்புரையிலும் இல்லை. அதனை வீட்டிலேதான் எழுத வேண்டியிருக்கிறது.

மறுநாட் காலை நேரசூசியைக் கிழித்தேன். “எப்ப முழுகப் போறியள், அம்மா?” என்று கேட்டேன். சமையல் முடிந்து, வெயில் ஏறி, தொட்டித் தண்ணீர் சற்றுச் சூடான பின் முழுகுவதே தம் வாழ்நாள் வழக்கம் என்றார். அறுபது ஆண்டுகள் அவர் பிள்ளையாயிருந்தும் நான் அதனைக் கவனித்ததில்லை. சேலை மீண்டும் வந்தது. கொய்யகத்தை முன்னதாகவே மடித்துத் தைத்துவிட்டால் ஒற்றைக் கையால் உடுத்தலாமென்று வழி கண்டவரும் அவரே. தச்சரைக் கொண்டு ஒரு பலகையில் இரண்டு ஆணிகளை முனை மேலே தெரிய அறைவித்தேன். காயை ஆணியிற் குத்தி நிறுத்திவிட்டால் இடக்கை மாத்திரமே அரிந்துவிடும். கிணற்றடி வரையில் சுவரோரமாக ஓர் இரும்புக் குழாய், பற்றி நடப்பதற்கு. அடுப்படித் திறப்பு அவர் மடிக்குத் திரும்பியது.

இவையெல்லாம் இலகுவாக நடந்தன என்று வாசகர் எண்ணவேண்டாம். பத்து நிமிடத்தில் நான் முடிக்கும் வேலை அவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது தூக்கிச் சுமப்பதிலும் கடினமானது. கூலிக்கு வந்த பெண்ணுக்கோ பொறுமை போய்விட்டது. அவளுக்கு வேறு வீடுகளும் உண்டு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாம் மாதம் அம்மா அடுப்படி வாசற்படியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கை கன்றிப்போயிற்று. ரொறன்ரோவிலிருந்து தம்பி தொலைபேசியில் சீறினான். “அண்ணை, கதவைப் பூட்டுங்கோ. ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?” அவன் கேள்வி நியாயமானதே. என் கைகூட மேசைமேற் கிடந்த திறப்பை நோக்கிப் போயிற்று. பிறகு தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன்.

“விழுந்தது நான், தம்பி. நோவும் என்ரை” என்றார் அவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “கொதிதண்ணி மட்டும் கொண்ணை இறக்கட்டும்” என்றார்.

வாசற்படியைச் சரிவாக்கிச் சீமெந்து பூசினோம். கேத்திலை நான் இறக்குகிறேன். மற்றவை அவர் வசம்.

இதனை எழுதும் இவ்வேளை அடுப்படியில் ஆணிப்பலகையின் சத்தம் கேட்கிறது. கத்தரிக்காய் அரியத் தொடங்கி அரை மணித்தியாலமாகிறது. மணி ஒன்றாகிவிட்டது, எனக்குப் பசிக்கிறது. எப்பொழுது முடியும் என்று கேட்டேன். முடிந்தவுடன் சொல்லுகிறாராம்.