மாணவர் தவறத்தான் செய்வார்

பயிற்சி விமானம் ஒன்று தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி, இறக்கை நொறுங்கிக் கிடந்தால், "விமானியின் தவறு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கற்றுக்கொள்பவர் தவறுவார் என்பது, அந்த விமானத்தின் முதல் கோட்டை வரையும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே கேட்க வேண்டியது, மாணவர் ஏன் தவறினார் என்பதல்ல; அந்தச் சின்னத் தவறு எப்படி விபத்து வரை போனது என்பதுதான். சென்னைக்காரர்களுக்கு இது தொலைதூர விஷயமும் அல்ல. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப்படைப் பள்ளி, 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954 முதல் நம் தாம்பரத்தில்தான் இயங்குகிறது.

சுதந்திர இந்தியா தானே வடிவமைத்த முதல் பயிற்சி விமானம் எச்.டி.-2. ஜெர்மனியில் லுட்விக் பிராண்டலிடம் படித்த வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1951 ஆகஸ்டில் முதன்முதலில் பறந்தது. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். அந்தக் காலத்தில் சாதாரணமான இந்த அமைப்பில்தான் சிக்கல் இருக்கிறது. விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. ஆட்டோவை ரிவர்ஸில் வேகமாக ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான்: மூக்கு சற்றே ஒருபக்கம் திரும்பினாலும், பின்னாலிருக்கும் எடை அந்தத் திருப்பத்தை மேலும் தள்ளிவிடும். நொடி நேரத்தில் காலால் சுக்கானை மிதித்துச் சரிசெய்யாவிட்டால், விமானம் தரையிலேயே பம்பரமாகச் சுழன்று, இறக்கை நுனி மண்ணில் இடிக்கும். விமானிகள் இதைக் 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் கோடைப் பகலில் நாம் ஆவலோடு காத்திருக்கும் கடற்காற்று இருக்கிறதே, அது ஓடுபாதைக்குக் குறுக்கே வீசினால் மூக்கைத் திருப்பிவிட அதுவே போதும். மூக்கடியில் சக்கரம் வைத்த விமானத்தில் கதை தலைகீழ். எடைமையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணலாகத் தரை தொட்டாலும் விமானம் தானாகவே நேராக முயலும். அதே மாணவர், அதே காற்று, அதே தவறு. முடிவு மட்டும் வேறு.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: கடினமான விமானத்தில் கற்றவர்தான் கைதேர்ந்தவர் ஆவார், சொகுசு விமானம் சோம்பேறி விமானியைத்தான் உருவாக்கும். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அன்று எச்.டி.-2ஐ முடித்த மாணவர் அடுத்து ஏறிய ஹார்வர்டுக்கும், பின்னாளில் ஓட்டக்கூடிய டகோட்டாவுக்கும் வால் சக்கரம்தான். அதனால் காட்கேயின் தேர்வு அந்தக் காலத்துக்குச் சரியே. ஆனால் ஜெட் விமானங்கள் வந்தபின் அந்த வாதம் வலுவிழந்தது. 1964இல் முதன்முதலில் பறந்த கிரண் ஜெட் பயிற்சி விமானத்துக்கு மூக்குச் சக்கரம், எச்.டி.-2க்கு மாற்றாக வந்த எச்.பி.டி.-32க்கும் அதுவே.

ஆனால் ஒரு கதவை மூடினால் இன்னொன்று திறந்துகொள்கிறது. எச்.பி.டி.-32 ஓடுபாதையில் சமர்த்தாக நின்றது. வானத்தில் என்ஜின்தான் நின்றுபோனது. ஒற்றை என்ஜின், அது அணைந்தால் சறுக்கிக்கொண்டே போய் ஒரு வயலைத் தேடி இறங்க வேண்டும். இந்த விமானமோ சறுக்குவதில் மோசம். வெளியேற்றும் இருக்கையும் கிடையாது. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தபின், 2009 ஜூலையோடு அதன் பறத்தல் நிறுத்தப்பட்டது. அடிப்படைப் பாடத்தையே நேராகக் கிரணில் தொடங்க வேண்டிய நிலை வந்தது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 மார்க் 2 விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2012இல்தான்.

நல்ல பயிற்சி விமானம் வாங்கப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். வாங்காமல் தள்ளிப்போட்டால் என்ன விலை என்ற கணக்கும் மிக்-21 போர் விமானத்தின் கதையில் தெரிந்துவிட்டது. உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபான்டேன் குழு பரிந்துரைத்தது 1982இல். அத்தகைய ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004இல். பீதரில் அது சேவைக்கு வந்தது 2008இல். இடைப்பட்ட ஆண்டுகளில், நிதானமாக இறங்கும் விமானத்தில் பழகிய இளைஞர்கள், மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரை தொடும் மிக்-21க்குத் தாவினார்கள். அந்தத் தாவலில் நடந்த தவறுக்கும் விமானியின் பெயரைத்தான் எழுத வேண்டுமா?

2025 நவம்பர் 14 அன்று தாம்பரம் அருகே திருப்போரூர்ப் பக்கம் ஒரு பிலாட்டஸ் விழுந்தது. வெளியேற்றும் இருக்கை இருந்ததால் விமானி உயிர் பிழைத்தார். அதே வகை இருக்கைகள் இருந்தும், 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் மேதக் மாவட்டத்தில் விழுந்த பிலாட்டஸில் இருந்த இரு விமானிகளும் இறந்தனர். இருக்கை கடைசித் தடுப்புதான். அதற்கு முன் பல தடுப்புகள் தோற்றிருக்க வேண்டும். எவை தோற்றன என்பதுதான் வெளியே வருவதில்லை. பயணிகள் விமான விபத்தானால் விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வருகிறது. ராணுவ விமானமானால் விசாரணைக் குழு அமைத்தாயிற்று என்ற அறிவிப்போடு சரி. 2017 முதல் 2022 வரை நடந்த 34 விமானப்படை விபத்துகளைப் பட்டியலிட்ட நாடாளுமன்றக் குழு அறிக்கையில்கூட, குன்னூரில் ஜெனரல் பிபின் ராவத் இறந்த விபத்துக்கு எதிரே காரணமாக இருப்பது, விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்ற ஒற்றை வரி. போர் விமானத்தின் ரகசியம் காக்கப்பட வேண்டியது, சரி. பயிற்சி விமானத்தின் சக்கரம் எங்கே இருக்கிறது, பக்கக்காற்று எவ்வளவு இருந்தது, மாணவர் அதற்குமுன் எத்தனை மணி நேரம் பறந்திருந்தார் என்பதில் எதிரி நாட்டுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?