கடவுளின் எச்சில்

கத்தோலிக்கக் குடும்பங்களில் பழைய ஞானோபதேசம் படித்து வளர்ந்த பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சர்வேசுரனுக்கு ஆறு இலட்சணங்கள் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அந்த ஆறில் ஒன்று, அவருக்குச் சரீரம் கிடையாது என்பது. எனக்கு மற்ற ஐந்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. சரீரமில்லாத கடவுளைக் கும்பிட்டவர்கள் சக மனிதரின் சரீரத்தை என்ன செய்தார்கள் என்பதே இங்கே என் கேள்வி.

கடவுளின் இயல்பு பற்றிய பேச்சே வெட்டிவேலை, நிலம் கூலி பற்றிப் பேசலாமே என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தை ரோமாபுரி வரை இழுத்துப்போன சண்டையில் ஒரு முக்கியமான விஷயம் எச்சில். ஆமாம், வாயில் ஊறும் எச்சில்தான். இறையியல் எவ்வளவு பருப்பொருளானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சண்டையின் ஒரு நுனி புதுக்கோட்டைச் சீமையில், ஆவூரில் இருக்கிறது. இன்றைக்கு ஆவூர் என்றால் பெரியநாயகி மாதா கோயில், பாஸ்கா, உயிர்ப்புத் திருவிழாத் தேர். வீரமாமுனிவர் இருந்த ஊர் என்று தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்வார்கள். அவருக்கு முன்பே, பதினேழாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், மதுரை மிஷனின் பிரெஞ்சு சேசு சபைக்காரர் வெனான்சியுஸ் பூஷே இங்கே மிஷனை நிலைநாட்டினார். தமிழ்ச் சந்நியாசியைப் போல உடுத்தி, தமிழ்ச் சந்நியாசியைப் போல உண்டு வாழ்ந்தவர்.

இந்த வேடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி (தத்துவ போதகர்) தன்னைப் பரங்கி அல்ல என்று சொல்லிக்கொண்டார். காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், தோல் செருப்பை விட்டு மரக்கட்டையில் நடந்தார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார். மேல்சாதியினர் கேட்பார்கள் என்பது கணக்கு. ஆனால் அந்த வேடத்தோடு சேரிக்குள் போக முடியாது. எனவே 1640இல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கி 'பண்டாரச்சாமிகள்' என்று இன்னொரு வகை உண்டானது. இவர்கள் இடைநிலைச் சாதிகளோடு பழகலாம், தாழ்த்தப்பட்டவர்களையும் சந்திக்கலாம். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் இந்த வகையைச் சேர்ந்தவர்.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. போதிக்கப்படும் கடவுளுக்கு உடல் இல்லை. போதிக்கிறவரோ முழுக்க முழுக்க உடலாகவே இருக்கிறார். என்ன தின்கிறார், எதைக் காலில் போடுகிறார், யார் கையால் தண்ணீர் வாங்குகிறார், யாரைத் தொடுகிறார், எல்லாமே கண்காணிப்புக்குள். கடவுளை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் தரையில் சாதியை அதன் இடத்திலேயே விட்டுவைக்கலாம். தமிழில் கடவுளுக்கு வைத்த பெயர்களையும் பாருங்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான நூலில் 'தம்பிரான்', நோபிலி மரபில் 'சருவேசுரன்', பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்', பிறகு 'தேவன்', 1995 திருவிவிலியத்தில் 'கடவுள்'. அநேகமாக எல்லாமே அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுகிற பெயர்கள். ஒன்றாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அழைக்கிற மாதிரி இல்லை.

இனி எச்சிலுக்கு வருவோம். பழைய இலத்தீன் ஞானஸ்நானச் சடங்கில் குரு தன் எச்சிலைத் தொட்டுப் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார், முகத்தில் ஊதுவார், நாக்கில் உப்பு வைப்பார். எச்சிலுக்கு ஆதாரம் சுவிசேஷம். மாற்கு 7இல் இயேசு காது கேளாத மனிதனின் காதில் விரலை விட்டு, உமிழ்ந்து அவன் நாவைத் தொடுகிறார். யோவான் 9இல் தரையில் துப்பி, மண்ணைக் குழைத்து, பிறவிக் குருடனின் கண்ணில் பூசுகிறார். சரீரமில்லாத கடவுள் மனுஷனானார் என்று விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நான் இந்த இரண்டு காட்சிகளைத்தான் காட்டுவேன். கடவுளுக்கு எச்சில் ஊறுகிறது. அது இன்னொரு மனிதனின் வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகிறது.

தமிழ்க் காதில் 'எச்சில்' வேறு மாதிரி விழுகிறது. எச்சில் இலை, எச்சில் சோறு, எச்சில் கை. எச்சில் ஒரு சமூக உறவு. யார் எச்சிலை யார் தின்னலாம், யார் எடுக்கலாம் என்பதற்கு இந்த மண்ணில் எழுதாத சட்டம் உண்டு. மேல்சாதிப் பெற்றோருக்கு ஒரு பரங்கியின் எச்சில் பிள்ளையின் மேல் படுவது நினைக்க முடியாத காரியம். மிஷனரிகள் அந்தச் சடங்கை விட்டுவிட்டோ மறைத்தோ சமாளித்தார்கள்.

1703இல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திறங்கிய தூர்னோன், விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை போட்டார். எச்சிலும் உப்பும் ஊதுதலும் விடக்கூடாது. நோயுற்ற பறையர்களின் குடிசைக்குள் போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க மாட்டேன் என்று எந்தக் குருவும் சொல்லக்கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக்கூடாது. தாலி, கல்யாணச் சடங்கு, குளியல் பற்றியும் தடைகள் இருந்தன. தூர்னோன் விசாரித்துக்கொண்ட மிஷன்காரர்களில் ஒருவர் நம் ஆவூர் பூஷே. ஆணை வந்ததும் அதை எதிர்த்து வாதாட லைனஸ் சாமியோடு ரோமாபுரிக்குக் கப்பலேறியவரும் அவரே.

தூர்னோனை தலித் விடுதலைப் போராளி ஆக்கிவிட வேண்டாம். அவர் புதுச்சேரியைத் தாண்டி உள்நாட்டுக்குள் வரவே இல்லை. அவருக்கு வேண்டியது ரோமைச் சடங்கின் ஒருமை, அதாவது அதிகாரம். பூஷேயையும் வெறும் சாதி வெறியர் என்று தள்ள முடியாது. சடங்கைக் கட்டாயமாக்கினால் உள்ள கிறிஸ்தவர்களும் போய்விடுவார்கள், உயிருக்கும் ஆபத்து என்ற அவரது அச்சம் பொய்யல்ல. பண்பாட்டை மதிக்கிறோம் என்றவர்கள் தீட்டைக் காப்பாற்றினார்கள். பண்பாட்டை மதிக்காதவர் தீட்டின் மேல் கை வைத்தார். இன்றைக்கும் 'பண்பாட்டுமயமாதல்' என்று உற்சாகமாகப் பேசும்போது யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நாற்பது வருஷம் இழுத்தது. சில விதிகள் தளர்ந்தன. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னபோது சேசு சபையினர் கொண்டுவந்த சமரசம்: பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்குவது. குடிசைக்குள் போக வேண்டும் என்ற விதி, குடிசைக்குத் தனிச் சாமியார் என்று ஆகிவிட்டது. குருத்துவத்துக்குள்ளேயே சேரி.

மற்றதெல்லாம் இதன் கட்டட வடிவங்கள். வடக்கன்குளத்தில் 1872இல் இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டிய கோயில், 1910இல் இடிக்கப்பட்ட அதன் தடுப்பு. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே ஒரு சுவர். 2008இல் துப்பாக்கிச் சூடு வரை போன எறையூர். புராட்டஸ்டன்ட் பக்கம் மட்டும் சுத்தமா என்றால், அங்கே சண்டை கிண்ணத்தில். ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பது எப்படி, யார் முதலில் குடிப்பது என்று தஞ்சாவூர் லுத்தரன் சபைகளில் பிரச்சினை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது பலர் சபையை விட்டே போனார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவி சாதியாசாரத்துக்காக வாதாடினார். டீக்கடை இரட்டைக் குவளைக்கும் நற்கருணைக் கிண்ணத்துக்கும் தூரம் அதிகமில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்குப் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிப்போகும் பெரியவர் நினைவிருப்பார். அதுவும் இதே எச்சில், இதே தொடுகை.

இந்த 'சரீரமில்லாத' இறையியலை அரசும் கையில் எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. காரணம்? கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதாம். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த தொழிலாளி ஒருவருக்கு, மற்றவர்களுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. சூசை வழக்கு என்று அறியப்படுவது அதுதான். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்க வேண்டாம் என்றது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கடவுள் சாதி பார்ப்பதில்லை என்று பிரசங்க மேடை சொல்ல, அதையே நீதிமன்றம் திருப்பிச் சொல்ல, செருப்புத் தைக்கிறவர் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். 'சாமி எல்லாருக்கும் சாமிதான். சப்பரந்தான் எங்க தெருவுக்கு வராது' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அதில் இந்த இறையியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் வேறு இறையியல் இல்லையா? 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைப் பேசத் தொடங்கினார். எனக்கு அவரைவிட நெருக்கம், மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை'. 2005இல் மறைந்தார். அவர் கர்நாடக சங்கீதத்தையும் ஆங்கிலக் கீர்த்தனையையும் தள்ளிவிட்டு நாட்டுப்புற மெட்டில் வழிபாடு செய்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அவருடைய மையமான சொல் 'ஒரு உலை'. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதித்து, எல்லாரும் கையால் எடுத்துத் தின்கிற இடத்தில்தான் கடவுள் இருக்கிறார் என்றார். தம்பிரானிலிருந்து பெத்தவருக்கு நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பெத்தவர்களுக்குப் பிள்ளை எச்சில் அருவருப்பில்லை என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? இருபதாம் நூற்றாண்டில் சுகாதாரக் காரணத்துக்காக அதை விட்டுவிடலாம் என்று ரோமாபுரியே அனுமதித்தது. 1969இல் வந்த புதிய ஞானஸ்நான முறையில் எச்சில் இல்லை. காதையும் வாயையும் பெருவிரலால் தொட்டால் போதும், அதுவும் கட்டாயமில்லை. தூர்னோனிடம் தமிழ் மேல்சாதியினர் தோற்ற வழக்கை, சுத்தம் என்ற சொல்லுக்குப் பதில் சுகாதாரம் என்ற சொல் வந்து ஜெயித்துக் கொடுத்துவிட்டது. எச்சிலைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை, கொரோனாவுக்குப் பிறகு கேட்டால் அடிக்க வருவார்கள்.

தொடுகிற சடங்கு இன்னொன்று மிச்சம் இருக்கிறது. பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் குரு அவர்கள் காலைக் கழுவித் துடைப்பார். 2016இல் பெண்களின் காலையும் கழுவலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் விதியை மாற்றினார். காலில் பிறந்தவன் என்று ஒரு சாதியைச் சொல்லிவைத்த நாட்டில் இது சாதாரணச் சடங்கல்ல. பாஸ்காவில் இயேசு வேடக்காரர் சீடர்களின் காலைக் கழுவும்போது கூட்டம் அமைதியாகிவிடும். கோயில் பீடத்தடியில் உட்காரும் அந்தப் பன்னிரண்டு பேரில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், அந்தப் பெயர்களை யார் கொடுத்தது என்ற கணக்கு எந்தப் பங்குப் பதிவேட்டிலும் இருக்காது. ஊரில் ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.